நஞ்சை இனங்காணும் பாலிமர் அச்சுகள்

2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாளன்று, பீகார் மாநிலத்துச் சாரண் மாவட்டத்தில் தர்மசதி கண்டாமன் என்னும் சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் நண்பகல் உணவு அருந்திய குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக நோயுற்று வீழ்ந்தனர். அவர்களுள் 23 பேர் உயிர் இழந்தனர். எஞ்சிய உணவிலும், சமையல் எண்ணெய் இருந்த கலத்திலும் மானோகுரோட்டபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததாகத் தடயவியல் சோதனைச்சாலையின் அறிக்கை தெரிவித்தது. அவ்வறிக்கை வெளிவந்தபோது நான்கு நாட்கள் கடந்துவிட்டன.

இதற்காகச் சோதனைச்சாலையைக் குறை கூறுவதற்கில்லை. உணவில் கலந்துள்ள நஞ்சை ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டுவது எளிய செயலன்று. மாதிரியை முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். அதிலுள்ள கொழுப்பு, மாவுப்பொருள், நிறப்பொருள் ஆகியவற்றை நீக்கி நஞ்சை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பின்னர் விலையுயர்ந்த கருவிகளின் துணைகொண்டு அதன் இன்னதன்மையை உறுதி செய்ய வேண்டும். இக்கருவிகள் இயங்குவதற்குத் தடையற்ற மின்சாரமும், தூய வாயுக்களும், பயிற்சி பெற்ற வல்லுநரும் இன்றியமையாதன. இவை தலைநகரங்களில் உண்டு. நிகழ்ச்சி நடக்கும் இடமோ கிராமம். மாதிரியைச் சோதனைச்சாலைக்குக் கொண்டு செல்வதற்கு மாறாக, சோதனையையே மாதிரி இருக்கும் இடத்திற்குக் கொண்டு செல்ல இயலுமா என்பதே பல நாட்டு ரசாயன அறிஞரும் பன்னெடுங் காலமாக ஆராய்ந்து வரும் வினாவாகும். அதற்குக் கிடைத்துள்ள விடைகளுள் ஒன்றே 'அச்சுப் பதித்த பாலிமர்' என வழங்கப்பெறும் செயற்கை ஏற்பி.

இனங்காணலும் அறிவித்தலும்

ரசாயன உணர்கருவி எதுவாயினும் அதற்கு இரண்டு உறுப்புகள் வேண்டும். தேடும் பொருளை ஆயிரம் பொருள்களுக்கிடையே இனங்கண்டு பற்றிக்கொள்வது ஒன்று. பற்றிய செய்தியை மின்னோட்டமாகவோ, ஒளியாகவோ, அதிர்வாகவோ மாற்றி நமக்கு அறிவிப்பது மற்றொன்று. முன்னதை ஏற்பி என்றும், பின்னதை மாற்றி என்றும் கூறலாம். மாற்றிகளை அமைப்பதில் மின்னணுத் துறை பெரும் முன்னேற்றம் கண்டுள்ளது. இடர்ப்பாடெல்லாம் ஏற்பியிலேயே உள்ளது.

இயற்கையில் இத்தகைய ஏற்பிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பூட்டுக்கு ஒரு சாவியே பொருந்துவது போல ஓர் என்சைமுக்கு அதற்குரிய பொருளே பொருந்துகிறது என்று ஜெர்மன் அறிஞர் எமில் ஃபிஷர் 1894-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். உடலினுள் புகும் அயற்பொருளைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களும் இவ்வாறே செயற்படுகின்றன. இன்று நீரிழிவு நோயாளர் வீட்டிலேயே பயன்படுத்தும் குருதிச் சர்க்கரைப் பட்டையில் பணியாற்றுவது என்சைம்; கருவுற்றதை அறிவிக்கும் பட்டையில் பணியாற்றுவது எதிர்ப்பொருள்.

எனினும் இவை புரதங்கள். புரதத்தின் ஆற்றல் அதன் மடிப்பு வடிவத்தைச் சார்ந்தது. வெப்பம், அமிலம், ஆல்ககால் போன்றவை அவ்வடிவத்தைக் குலைத்துவிடும். சர்க்கரைப் பட்டையில் உள்ள என்சைம் ஓரளவு உறுதி வாய்ந்தது. ஆனால் எல்லாப் புரதங்களும் அவ்வாறல்ல. பலவற்றைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேட் வெப்பநிலையில் வைத்துக் காக்க வேண்டியுள்ளது. மேலும், பூச்சிக்கொல்லி போன்ற சிறு மூலக்கூறுகள் தாமாகவே விலங்குடலில் எதிர்ப்பொருளைத் தோற்றுவிப்பதில்லை. அவற்றைப் பெரிய புரதம் ஒன்றுடன் பிணைத்து ஊசியின் வழியாகச் செலுத்திப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். பாஸ்பரஸ் அடங்கிய பூச்சிக்கொல்லிகளைக் காட்டும் என்சைம் பட்டைகளும் உள்ளன. அந்நஞ்சுகள் கோலினெஸ்டெரேஸ் என்னும் என்சைமை முடக்கும் இயல்பையே அவை பயன்படுத்திக்கொள்கின்றன. எனவே 'இவ்வினத்தைச் சேர்ந்த நஞ்சு ஏதோ ஒன்று உள்ளது' என்பதை அவை அறிவிக்குமேயன்றி, அது இன்னதென்று அறிவிக்கமாட்டா.

பிழையான கொள்கையின் நற்பயன்

அச்சுப் பதித்தல் என்னும் கருத்து முளைத்த வரலாறு சுவையானது. 1931-ஆம் ஆண்டில் சோவியத் ஆராய்ச்சியாளரான போலியகோவ் என்பார் சிலிக்கா ஜெல்லைப் பென்சீன், டொலுவீன், சைலீன் ஆகிய கரைப்பான்களின் முன்னிலையில் உலர்த்தி வந்தார். எக்கரைப்பானின் முன்னிலையில் ஜெல் உருவாயிற்றோ, அக்கரைப்பானையே பின்னர் அது மிகுதியாக உறிஞ்சிற்று. தான் உருவானபொழுது உடனிருந்த பொருளைச் சிலிக்கா நினைவில் வைத்திருந்தது போன்றதொரு தோற்றம் காணப்பட்டது.

1940-இல் அமெரிக்க அறிஞர் லைனஸ் பாலிங் எதிர்ப்பொருள்கள் தோன்றும் வகை பற்றி ஒரு கொள்கையை வெளியிட்டார். அயற்பொருள் ஓர் அச்சாக நிற்க, அதைச் சுற்றிப் புரதச் சங்கிலி மடிந்து அதன் வடிவத்தைத் தாங்கிக்கொள்கிறது என்பது அவர் கருத்து. இக்கருத்தைச் சோதிக்க முற்பட்ட அவருடைய மாணவர் ஃபிராங்க் டிக்கி புரதத்தை விடுத்துச் சிலிக்கா ஜெல்லை எடுத்துக்கொண்டார். பள்ளிச் சோதனைச்சாலைகளில் அமிலத்தையும் காரத்தையும் காட்டப் பயன்படும் மெதில் ஆரஞ்சு என்னும் சாயத்தை முன்னிலையில் வைத்து ஜெல்லை ஆக்கினார். பிறகு சாயத்தைக் கழுவி நீக்கினார். அதன் உறவுப் பொருள்களான எதில் ஆரஞ்சு, புரொப்பில் ஆரஞ்சு, பியூட்டில் ஆரஞ்சு ஆகியவற்றைக் கொண்டும் இவ்வாறே செய்தார். ஒவ்வொரு ஜெல்லும் தன் அச்சாயிருந்த சாயத்தையே மற்றவற்றினும் மிகுதியாகப் பற்றியது. இவ்வாராய்ச்சி 1949-இல் வெளியாயிற்று.

எதிர்ப்பொருள்களைப் பற்றிய பாலிங்கின் கொள்கை நிலைக்கவில்லை. உடல் அயற்பொருளைக் கண்டபின் அதற்கேற்பப் புரதத்தை மடிப்பதில்லை. வெவ்வேறு வடிவமுள்ள எதிர்ப்பொருள்களை ஆக்கவல்ல உயிரணுக்கள் முன்னரே உள்ளன, பொருந்துவது பெருகுகிறது என்பதை 1957-இல் பர்னெட் வகுத்த கொள்கையும் அதன் வழிவந்த ஆய்வுகளும் நிலைநாட்டின. ஆயினும் உடலில் நிகழாத அச்செயல் குடுவையில் நிகழ்ந்தது. விஞ்ஞானத்தில் பிழையான கருத்தும் சோதனைக்கு உட்படுமாயின் பயன் தரக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

அச்சு வார்க்கும் முறை

உலோகப் படிமம் வார்க்கும் ஸ்தபதியின் தொழிலோடு இம்முறையை ஒப்பிடலாம். அவர் முதலில் மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் மண்ணைப் பூசி மூடுகிறார். மண் இறுகிய பின் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். மெழுகுருவின் வடிவமுள்ள வெற்றிடம் மண்ணுக்குள் எஞ்சுகிறது. பாலிமர் அச்சில் மெழுகுருவின் இடத்தில் இருப்பது தேடப்படும் மூலக்கூறு. மண்ணின் இடத்தில் இருப்பது பாலிமர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்தபதியின் வெற்றிடத்தில் வடிவம் மட்டுமே பதிகிறது. பாலிமரின் வெற்றிடத்திலோ, மூலக்கூறைக் கவர்ந்து பிடிக்கும் ரசாயனத் தொகுதிகளும் உரிய இடங்களில் அமைந்துவிடுகின்றன.

இதன் படிகள் நான்கு. முதலாவதாக, அச்சு மூலக்கூறும், அதனுடன் கைகோக்கவல்ல 'பற்று மானோமர்' ஒன்றும் கரைப்பானில் கலக்கப்படுகின்றன. பெரும்பாலும் பயன்படும் மானோமர் மெதாகிரிலிக் அமிலம். இதன் மூலக்கூறுகள் ஹைடிரஜன் பிணைப்புகளின் வாயிலாக அச்சைச் சூழ்ந்து நிற்கின்றன. இரண்டாவதாக, குறுக்குப் பிணைப்பை உண்டாக்கும் மற்றொரு மானோமர் பேரளவில் சேர்க்கப்படுகிறது. மூன்றாவதாக, வெப்பத்தாலோ புற ஊதா ஒளியாலோ வினை தூண்டப்படவே, கலவை முழுவதும் இறுகிக் கண்ணாடி போன்ற திண்பொருளாகிறது. மெதாகிரிலிக் அமிலத்தின் கைகள் அப்போது நின்ற நிலையிலேயே உறைந்துவிடுகின்றன. நான்காவதாக, பாலிமரைப் பொடித்துச் சலித்து, தக்க கரைப்பானால் பலமுறை கழுவினால் அச்சு மூலக்கூறு வெளியேறிக் குழிகள் எஞ்சும்.

1972-இல் ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப், சர்ஹான் ஆகியோர் கரிமப் பாலிமரில் முதன்முதலாக இவ்வாறு அச்சுப் பதித்தனர். அவர்கள் அச்சு மூலக்கூறை உறுதியான ரசாயனப் பிணைப்பினால் மானோமருடன் இணைத்தனர். பின்னர் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் கிளவுஸ் மோஸ்பாக்கும் அவருடன் பணியாற்றியோரும் எளிதில் தோன்றி எளிதில் விலகும் ஹைடிரஜன் பிணைப்பு போன்ற கவர்ச்சிகளையே பயன்படுத்தும் வழியைத் திறந்தனர். பல்வேறு மூலக்கூறுகளுக்கு இம்முறை பரவியதற்கு இவ்வெளிமையே காரணம்.

ஒரு மீதைல் தொகுதியின் வேறுபாடு

அச்சின் நுட்பத்தை உணர்வதற்கு மோஸ்பாக் குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றே போதும். தியோபிலின் என்பது ஆஸ்துமாவிற்கு அளிக்கப்படும் மருந்து. குருதி நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை அது இருப்பின் நலம் என்று கருதப்பட்டு வந்தது. அளவு மிகுந்தால் வாந்தி, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை, வலிப்பு ஆகியவை நேரலாம். ஆகவே நோயாளியின் குருதியில் இம்மருந்து எவ்வளவு உள்ளது என்று அளந்தறிவது மருத்துவர்க்கு மிகவும் தேவை.

இங்கு ஒரு சிக்கல் தோன்றுகிறது. காப்பி அருந்துவோரின் குருதியில் காபீன் இருக்கும். தியோபிலின் மூலக்கூறில் நைட்ரஜன் அணு ஒன்றன்மேல் உள்ள ஹைடிரஜனுக்குப் பதிலாக ஒரு மீதைல் தொகுதியை வைத்தால் காபீன் கிடைத்துவிடும். இரண்டிற்கும் வேறுபாடு அவ்வளவே. ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைடிரஜன் அணுக்களும் அடங்கிய இச்சிறு தொகுதியைப் பாலிமர் வேறுபடுத்தி அறியுமா?

அறிந்தது. தியோபிலினை அச்சாகக் கொண்டு ஆக்கிய பாலிமர் காபீனை நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே ஏற்றது. தியோபிலினுக்கென விலங்குகளிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் காட்டும் தேர்ச்சிக்கு இது நிகராக இருந்தது. நோயாளிகளின் குருதி நீரில் கண்ட அளவுகளும், மருத்துவமனைகளில் வழங்கிய எதிர்ப்பொருள் முறையில் கண்ட அளவுகளும் நன்கு ஒத்திருந்தன. குழியின் வடிவம் மீதைல் தொகுதிக்கு இடமளிக்கவில்லை. மேலும், அந்த ஹைடிரஜன் வழியாக அமையவேண்டிய பிணைப்பும் காபீனில் அமைவதற்கில்லை. இடமும் பிணைப்பும் சேர்ந்தே பூட்டாகின்றன.

செய்தி வெளிவரும் வழிகள்

குழியில் மூலக்கூறு அமர்ந்துவிட்டது; அதை அறிவது எவ்வாறு? மூன்று வழிகளை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

முதல் வழி எடை. அழுத்தினால் மின்னேற்றம் காட்டும் இயல்பு குவார்ட்சு போன்ற படிகங்களுக்கு உண்டு என்று ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டனர். இதன் மறுதலையாக, மாறு மின்னழுத்தத்தைச் செலுத்தினால் படிகம் அதிரும். நொடிக்கு 50 லட்சம் முறை அதிரும் குவார்ட்சுத் தகட்டின்மேல் ஏதேனும் படிந்தால் அதிர்வெண் குறைகிறது. படிந்த எடைக்கும் இக்குறைவுக்கும் உள்ள தொடர்பை 1959-இல் ஜெர்மானியரான சவர்பிரே சமன்பாடாக வகுத்தார். இத்தகைய தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 18 நானோகிராம் படிந்தால் நொடிக்கு ஓர் அதிர்வு குறையும். ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கே நானோகிராம் எனின் இத்தராசின் நுட்பம் விளங்கும். தகட்டின்மேல் அச்சுப் பாலிமரை மெல்லிய ஏடாகப் பூசிவிட்டால், அது எதைப் பற்றுகிறதோ அதன் எடையைப் படிகம் காட்டிவிடும்.

இரண்டாவது வழி மின்சாரம். பள்ளி மாணவர் எழுதும் பென்சிலின் கரிமுனை கிராபைட்டும் களிமண்ணும் கலந்தது, மின்சாரத்தைக் கடத்துவது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பீம் பலி பிரசாத் குழுவினர் இக்கரிமுனையின்மீது அச்சுப் பாலிமரைப் படியச் செய்து மின்முனையாக்கினர். 2010-இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சிகளுள் போலிக் அமிலம் என்னும் வைட்டமினை அளந்ததும் ஒன்று. குழியில் அமர்ந்த மூலக்கூறு மின்முனையில் மாற்றமடையும்போது பாயும் மின்னோட்டமே அளவைத் தெரிவிக்கிறது. பிளாட்டினம், தங்கம் ஆகியவற்றால் ஆன மின்முனைகளோடு ஒப்பிட்டால் இதன் விலை அற்பமே.

மூன்றாவது வழி ஒளி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 1999-இல் யூரோப்பியம் என்னும் தனிமத்தைப் பாலிமரில் பிணைத்து, நரம்பு நஞ்சான சோமன் நீரில் சிதையும்போது தோன்றும் பொருளுக்கு அச்சு அமைத்தனர். அப்பொருள் குழியில் சேர்ந்ததும் யூரோப்பியம் வெளியிடும் ஒளி மாறுபட்டு அதனைக் காட்டிக்கொடுத்தது.

சாரண் மாவட்டத்தில் உயிர் குடித்த மானோகுரோட்டபாஸுக்கும் இத்தகைய அச்சு உண்டு. அதனைக் கொண்டு நீரிலும் மண்ணிலும் உள்ள பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளைப் பிரித்துத் திரட்டும் முறையைச் சீன ஆராய்ச்சியாளர் 2005-இல் வெளியிட்டனர். இது களக்கருவியன்று, சோதனைச்சாலைக்கு முன்னேற்பாடாகும் துப்புரவு முறையே. எனினும் பூட்டு அமைந்துவிட்டது என்பதை இது காட்டுகிறது.

வலிமையும் குறையும்

அச்சுப் பாலிமரின் முதன்மையான சிறப்பு அதன் உறுதி. 150 டிகிரி சென்டிகிரேட் வரை ஒரு நாள் முழுதும் சூடாக்கிய பின்னும் தியோபிலின் அச்சு தன் ஆற்றலை இழக்கவில்லை என்று 2001-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. அமிலம், காரம், கரைப்பான் ஆகியவற்றையும் அது தாங்குகிறது. குளிர்ப்பெட்டி வேண்டுவதில்லை, விலங்குகளும் வேண்டுவதில்லை. கோடை வெயிலில் மிதிவண்டியில் செல்லும் களப்பணியாளரின் பையில் கெடாமல் இருக்கக்கூடிய ஏற்பி இதுவே எனலாம்.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. ஒரே பாலிமரில் உள்ள குழிகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சில இறுகப் பற்றும், பல தளர்வாகவே பற்றும். அடுத்து, ஹைடிரஜன் பிணைப்பை நம்பி அமைந்த அச்சு நீரில் வலுவிழக்கும். ஏனெனில் நீரின் மூலக்கூறுகளே அப்பிணைப்புக்குப் போட்டியிடுகின்றன. சோதிக்க வேண்டிய பால், குருதி, கிணற்று நீர் ஆகியன யாவும் நீர்மயமானவை என்பதால் இஃது ஒரு பெரிய தடையாகும். மூன்றாவது குறை இன்னும் நுட்பமானது. எவ்வளவு கழுவினாலும் அச்சு மூலக்கூறுகளிற் சில உள்ளேயே தங்கிச் சிறிது சிறிதாகக் கசியும். நஞ்சே இல்லாத உணவில் நஞ்சு இருப்பதாகக் கருவி பொய் கூற இது இடந்தரும்.

இவற்றிற்கு மாற்றுகளும் காணப்பட்டு வருகின்றன. தேடும் பொருளுக்குப் பதிலாக அதனை மிகவும் ஒத்த வேறொரு பொருளை அச்சாக வைத்தால், கசிந்தாலும் கணக்கில் பிழை நேராது. 1997-இலேயே இவ்வழி கையாளப்பட்டது. இங்கிலாந்தில் பிலெட்ஸ்கி குழுவினர் அச்சு மூலக்கூறைக் கண்ணாடி மணிகளின்மேல் நிலையாகப் பிணைத்து, அதனைச் சுற்றி நுண்ணிய பாலிமர் துகள்களை வளர்த்தனர். தளர்வாகப் பற்றிய துகள்களைக் குளிர்ந்த கரைப்பானால் கழுவிவிட்டு, இறுகப் பற்றியவற்றை மட்டும் சூடேற்றிப் பிரித்தெடுத்தனர். அச்சு கண்ணாடியிலேயே நின்றுவிடுவதால் கசிவுக்கு இடமில்லை. குழிகளும் ஏறத்தாழ ஒரே தரத்தின. நீரின் தடையையும் வெல்ல முடியும் என்பதற்கு 2010-இல் வெளியான ஓர் ஆய்வு சான்றாகும். தேனீயின் நஞ்சிலுள்ள மெலிட்டின் என்னும் பொருளுக்கு அச்சமைத்த பாலிமர்த் துகள்களைக் கலிபோர்னியாவின் கென்னத் ஷேயும் ஜப்பானிய அறிஞரும் எலிகளின் குருதியிலேயே செலுத்தினர். அவை அந்நஞ்சைப் பற்றி அதன் கொடுமையைத் தணித்தன.

களப்பணியாளர் கேட்க வேண்டிய வினாக்கள்

இத்தகைய கருவியோ பட்டையோ ஒருநாள் கைக்கு வருமாயின், அதன் சொல்லை நம்புமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் நலம்.

அச்சு வைக்காமல், மற்றெல்லாம் ஒன்றாகவே ஆக்கிய பாலிமரோடு அது ஒப்பிடப்பட்டதா? பாலிமர் எதுவாயினும் எப்பொருளையும் சிறிதளவு ஒட்டிக்கொள்ளும். இரண்டின் வேறுபாடே அச்சின் உண்மையான ஆற்றல். ஒப்பீட்டுச் சோதனை ஏன் வேண்டும் என்பதை மாணவர்க்கு விளக்க ஆசிரியர்க்கும் இது தக்க எடுத்துக்காட்டு.

அப்பொருளை ஒத்த வேறு பொருள்களைக் கொண்டு அது சோதிக்கப்பட்டதா? தியோபிலினுக்குக் காபீன் எவ்வாறோ, அவ்வாறே ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் நெருங்கிய உறவுப் பொருள்கள் உண்டு.

தூய நீரிலா, அன்றி உண்மையான எண்ணெய், பால், மண் ஆகியவற்றிலா அது சோதிக்கப்பட்டது? சோதனைச்சாலையில் நூற்றுக்கு நூறு வென்ற கருவி கடுகெண்ணெயில் தோற்றுப்போகக் கூடும்.

இவ்வினாக்களுக்குத் தக்க விடை கிடைப்பினும், களத்தில் காணும் முடிவு எச்சரிக்கையே ஆகும், தீர்ப்பு ஆகாது. தீர்ப்பைச் சோதனைச்சாலையே வழங்க வேண்டும். ஆனால் உயிர் காக்கும் வேலையில் எச்சரிக்கைக்கு உள்ள மதிப்பு பெரிது. உணவு பரிமாறப்படும் முன் எச்சரிக்கை கிடைப்பின் அதனை நிறுத்திவிடலாம். பரிமாறிய பின் கிடைப்பினும், நஞ்சு எவ்வினத்தது என்பது மருத்துவருக்கு விரைவில் தெரிய வரும். பாஸ்பரஸ் நஞ்சுக்கு அட்ரோபின் போன்ற மாற்று மருந்துகள் உண்டு. அத்தகைய நிலையில் நான்கு நாட்களுக்கும் நான்கு நிமிடங்களுக்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகிவிடக் கூடும்.

கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத காவலும் ஒன்று உண்டு. பூச்சிக்கொல்லி இருந்த கலத்தை எக்காரணத்தாலும் உணவுப் பொருளுக்குப் பயன்படுத்தலாகாது. உணவும் நஞ்சும் ஒரே அறையில் இருத்தலாகாது. சமைத்த உணவின் மணமோ நிறமோ மாறியிருப்பதாகச் சமைத்தவர் கூறினால் அச்சொல்லைப் புறக்கணித்தலாகாது. மிக நுண்ணிய உணர்கருவியும் இவற்றிற்குத் துணையாகுமேயன்றி ஈடாகாது. விரிவாக்கப் பணியாளரும் ஆசிரியரும் இன்றே தொடங்கக்கூடிய பணி இதுவாகும்.